மச்சானுக்கு எதிராக ஒரு விறகடுப்பு

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை விளங்கிக்கொள்வது லேசு. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான்.

அவர் லண்டனின் மற்ற அந்தத்தில், மோர்டனில் இருக்கிறார். கேஸ் வேலை செய்கிறவர். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டைச் சூடாக்குகிற பொயிலரைப் பூட்டியதும் அவர்தான். பூட்டிய நாளிலிருந்து அந்தப் பொயிலர் அவருடைய குணத்தோடுதான் இருந்தது. தேவையில்லாத நேரத்தில் பெரிய சத்தம் போடும், தேவைப்படுகிற நேரத்தில் மூச்சு விடாது. போன விண்டர் தொடங்கிய கையோடு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நான் செருப்பால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டபோது அழுதது நான் இல்லை, வாத்தியாரும் இல்லை.

மச்சான் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் என் மனைவியிடம் பேசினார்.

"பொயிலரில ஒரு பிழையும் இல்லை. ஆரோ கை வைச்சிருக்கினம்."

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அதில் 'ஆரோ' யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

"மச்சான், அது நீங்கள் பூட்டினது. ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லை, தானாவே விழும்" என்றேன்.

அவர் மூடியைப் போட்டார். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். "அப்ப சரி ஐசே, நீரே திருத்தும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியையும் குடிக்காமல் போனார். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். அன்றைக்கு வீட்டில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

வேறு கேஸ்காரனைக் கூப்பிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த கேஸ்காரர்கள் எல்லாரும் மச்சானிடம் வேலை பழகியவர்கள், அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவனுக்கு நான் போன் அடித்தால் அவன் என் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே கதை மோர்டனுக்குப் போய்விடும். வெள்ளைக்காரக் கம்பனியைக் கூப்பிட்டால், அவன் வந்து "பொயிலரில் பிழையில்லை" என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன? அந்த ஆபத்தை எடுக்க நான் தயாராக இல்லை. குளிரைத் தாங்கலாம். மச்சான் சொன்னது சரியாகிப் போவதைத் தாங்க ஏலாது.

நான் தாங்கினேன். மனைவி தாங்கவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கே அறைகள் எல்லாம் வெக்கையாக இருக்கும். அந்த வெக்கைக்குள் நாள் முழுக்க நின்றுவிட்டு இங்கே வந்து, கோட்டைக் கழற்றாமல் சோறு சாப்பிடுவாள். ஒருநாள் வேலையால் வந்து கதவடியிலேயே நின்று சொன்னாள்.

"என்னப்பா, அங்க ஒரு கிழவி இண்டைக்கு என்ர கையைப் பிடிச்சுப் பாத்திட்டு, நீ உயிரோடதான் இருக்கிறியோ எண்டு கேட்டவ. தொண்ணூறு வயசு. அவவின்ர கை சுடுது, என்ர கை குளிருது."

"கையுறை ஒண்டு வாங்கித் தாறன்" என்றேன்.

பகிடிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மேலே போய் சூட்கேஸோடு இறங்கி வந்தாள்.

"இந்த வீடு சூடாகிற அண்டைக்கு எனக்கு அடியுங்கோ. அதுவரைக்கும் நான் அண்ணை வீட்டில."

போய்விட்டாள். அதற்குப் பிறகு மோர்டனில் இருந்து வந்த செய்திகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட மோசம். அண்ணன் அவளுக்கு என்று பின்னறையில் புதுக் கட்டில் போட்டிருக்கிறார். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்களாம், அண்ணன் விசாரித்து வைத்திருக்கிறார். வேலையும் அங்கே, கட்டிலும் அங்கே என்றால், பிறகு அவள் எதற்கு எலிசபெத் லைன் ரயில் ஏறி செவன் கிங்ஸுக்கு வரப்போகிறாள், என் மூஞ்சியைப் பார்க்கவா? இருபது வருசமாகப் பார்த்த மூஞ்சி. நானே கண்ணாடியில் நின்று பார்ப்பதில்லை.

விறகடுப்பு யோசனை எனக்கு மூளையில் வரவில்லை, முதுகில் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு இரும்பு அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் வெறும் சேர்ட்டோடு உட்கார்ந்திருப்பான். நான் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு போவேன். ஒருநாள் உள்ளே போய், வாங்க வந்தவன் மாதிரி அந்த அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த நாளும் போனேன். பிறகு ஒருநாள் அவன் எழும்பி வந்து, நீ முதுகை மட்டும் காட்டப் போகிறாயா, பாங்க் அட்டையையும் காட்டுவாயா என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். இவர்கள் திட்டுவதே மரியாதையாகத்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதில் கேஸ் இல்லை. பைப் இல்லை. மச்சான் கை வைக்க ஒன்றுமே இல்லை. மச்சானின் தொழிலுக்கு வெளியே நிற்கிற ஒரு சூடு.

கடையில் மூன்று அளவு இருந்தது. சின்னது பூனை மாதிரிக் குந்தியிருந்தது. பெரியது பாங்க் பெட்டகம் மாதிரி நின்றது. நான் நேரே பெரியதின் கதவைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு எதையும் பெரிதாகத்தான் வாங்கத் தெரியும். இரண்டு பேருக்குச் சமைக்கிற வீட்டில் இருக்கிற பானையைப் பார்த்தால் பந்திச் சாப்பாடு என்று நினைப்பீர்கள். முன்னறைக்குள் சோபாவைக் கொண்டுவர யன்னலைக் கழற்றியவன் நான்.

கடைக்காரன் அறையின் நீளம், அகலம், உயரம் கேட்டான். சொன்னேன். அவன் கணக்குப் போட்டு நடு அடுப்பைக் காட்டினான், ஐந்து கிலோவாட். அந்த அறைக்கு இதுவே தாராளம், பெரியதை வாங்கினால் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறப்பாய், இல்லாவிட்டால் காற்றைக் குறைத்து அரைகுறையாக எரிப்பாய், அப்படி எரித்தால் கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள் தார் பிடிக்கும், ஒருநாள் அந்தத் தார் தீப்பிடிக்கும் என்றான். லண்டனில் கவுன்சில் ஒத்துக்கொண்ட வகை அடுப்புத்தான் எரிக்கலாம், அதுவும் நன்றாகக் காய்ந்த விறகுதான் போடலாம் என்றும் சொன்னான். நான் தலையாட்டினேன். ஆனால் கண் பெரியதில்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் அடித்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் "விறகோ?" என்று கேட்ட தொனியில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. சரியாக அந்த இடத்தில் போனை மச்சான் பிடுங்கிவிட்டார்.

"என்ன ஐசே, லண்டனில இருந்துகொண்டு விறகு எரிக்கப் போறீரோ. சரி, எடுக்கிறதெண்டால் பெரிசா எடும். சின்னனை எடுத்துக் கஞ்சத்தனம் பண்ணாதையும். வெக்கை கூடினால் கதவைத் திறந்து விடலாம்தானே."

நான் போனை வைத்துவிட்டுக் கடைக்காரனிடம் நடு அடுப்பைத் தா என்றேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது. யோசித்து எடுத்ததில்லை. மச்சான் 'சின்னனை எடும்' என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு என் முன்னறையில் பாங்க் பெட்டகம் நின்றிருக்கும்.

பூட்டுவதற்கு ஒரு போலந்துக்காரன் முன்கூட்டியே பார்க்க வந்தான். ஆள் உயரம், சிரிப்பு இல்லை. என் முன்னறையைப் பார்த்துவிட்டு, இங்கே சனங்கள் இருக்கிறார்களா, சாமான் மட்டும் இருக்கிறதா என்று கேட்டான். பிறகு "புகைபோக்கி எங்கே?" என்றான்.

நான் சாமித்தட்டைக் காட்டினேன்.

பழைய வீடுகளில் முன்னறைச் சுவரில் நெருப்பு எரிக்க ஒரு குழி இருக்கும். வெள்ளைக்காரன் அதை அடைத்துவிட்டுப் பூச்சாடி வைப்பான். எங்கள் வீட்டில் அந்தக் குழியைப் பலகையால் அடைத்து, சிவப்புத் துணி விரித்து, என் மனைவி சாமிகளை வைத்திருந்தாள். பிள்ளையார் நடுவில், அம்மன் வலப்பக்கம், முருகன் இடப்பக்கம், மேலே சின்னச் சின்ன லைற்றுகள் ஓடிக்கொண்டிருக்கும். போலந்துக்காரன் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். இவர்களை எடுக்காமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றான். அவனும் சாமிகளைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. இரண்டு பேரும் நின்றோம். நான் மனைவிக்கு அடித்தேன்.

"சாமியைக் கிளப்ப நீங்கள் ஆர்?" என்றாள்.

"அப்ப நீர் வந்து கிளப்பும்."

"வீடு சூடாகாமல் நான் வரமாட்டன்."

"சாமி கிளம்பாமல் வீடு சூடாகாது."

பின்னால் மச்சானின் குரல் கேட்டது. "கடவுளைக் கலைச்சுப்போட்டு விறகு அடுக்கிறானாம். விளங்கும்." அதைக் கேட்டபிறகுதான் மனைவி இறங்கினாள் என்று நினைக்கிறேன். அவளுடைய சாமித்தட்டைப் பற்றி அவளைத் தவிர வேறு யாரும் கதைப்பது அவளுக்குப் பிடிக்காது, அண்ணனாக இருந்தாலும்.

"தோஞ்சிட்டுத் தொடுங்கோ. ரெண்டு நாளைக்கு மச்சம் சாப்பிடாதேங்கோ. மேல எங்கட அறையில, கிழக்குப் பாக்க வையுங்கோ. முருகனைத் தலைகீழாய்த் தூக்காதேங்கோ, பிரேம் ஆடும்."

நான் இரண்டு நாள் மரக்கறி தின்று, அந்தக் குளிரில் கேத்திலில் சுடவைத்த தண்ணியில் தோய்ந்து, சாமிகளை மேலே கொண்டுபோய் அவளுடைய மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த அறையில் நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே குளிர். படுக்கும்போது என்னுடைய பழைய சால்வையை எடுத்துப் பிள்ளையார் படத்துக்கு மேலே போட்டேன். முகம் தெரியத்தான் போட்டேன்.

போலந்துக்காரன் திரும்பி வந்து பலகையைக் கழற்றினான். உள்ளே இருந்து ஒரு பறவைக்கூடு முழுதாக விழுந்தது, அதோடு சேர்ந்து புழுதியும் கரியும். என் சோபாவுக்கு இத்தனை வருசமாக நான் கழற்றாமல் விட்டிருந்த பிளாஸ்டிக் உறை அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது. அவன் கூரையில் ஏறி, வளைகிற ஸ்டீல் குழாயை மேலிருந்து கீழே இறக்கினான். அடுப்புக்கு அடியில் தடித்த கறுப்புக் கல் போட்டான். என் ஷோகேஸை இவ்வளவு தூரம் தள்ளு, இல்லாவிட்டால் எரியும் என்றான். தள்ளினேன். காணாது, இன்னும் என்றான். ஷோகேஸ் கடைசியில் ரீவியை மறைத்துக்கொண்டு நின்றது. இனி ஷோகேஸைத்தான் பார்க்க வேணும். சுவரில் நச்சுவாயு அலாரம் பூட்டினான், புகை அலாரமும் சரிபார்த்தான். போகும்போது விரலை நீட்டி, இதை மறக்காதே என்று ஒன்றைச் சொன்னான். முதல் சில தரம் சின்ன நெருப்புத்தான் எரிக்க வேணும். பெயின்ற் இன்னும் பச்சை. மெல்ல மெல்லச் சுட்டால்தான் அது இறுகும். முதல் நாளே பெரிதாக எரித்தால் புகைந்து நாறும், உள்ளே இருக்க ஏலாது. விளங்கினதா?

விளங்கியது. எனக்கு இங்கிலிஷ் அரைகுறை என்றாலும் விரல் விளங்கும்.

அன்றைக்கே மனைவிக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வாறன் என்றாள். ஒரு நிபந்தனை. புது அடுப்பு என்றால் முதலில் பால் காய்ச்ச வேணும். பால் பொங்கி வழிய வேணும். ராகுகாலம் துவங்க முன்னம் வழிய வேணும்.

"பொங்காட்டி?" என்று கேட்டேன்.

"பொங்காட்டி அந்த அடுப்பு எங்களுக்குச் சரிவராது. நான் அண்ணையோட திரும்பிப் போறன். திங்கட்கிழமை அங்க வேலைக்கு வரச்சொல்லிக் கேக்கினம்."

வீட்டுக்குக் குடிபூரும்போது பால் காய்ச்சுகிற வழக்கத்தைக் கேஸ் அடுப்பில் செய்தோம், அஞ்சு நிமிசத்தில் பொங்கிவிட்டது. இது அறையைச் சூடாக்குகிற அடுப்பு. மேலே தடித்த இரும்பு. அது சூடாகவே நேரம் எடுக்கும். அதுவும் சின்ன நெருப்பில் பால் பொங்குவதென்றால் பங்குனியில்தான் பொங்கும். பொங்காவிட்டால் மனைவி போகிறாள். பெரிதாக எரித்தால் பெயின்ற் நாறும். இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னால் நிற்கிற மச்சான் "நான் அப்பவே சொன்னனான்" என்பார். அந்த வசனத்துக்குப் பயந்துதான் நான் பாதி வாழ்க்கையை நாசமாக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மனைவி சேலை கட்டி, பூ வைத்து, புதுச் செம்போடு வந்தாள். மச்சான் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் யோசித்துவிட்டுக் கழற்றினார். கோட்டைக் கழற்றவில்லை. அடுப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"இதுதானோ? நான் பெரிசா எடுக்கச் சொன்னனான்."

"ஓம் மச்சான். அதாலதான் இதை எடுத்தனான்."

"இதில பால் பொங்காது ஐசே. இது குளிருக்குப் போட்ட பொம்மை."

நான் போலந்துக்காரன் சொன்னபடி சின்னதாக மூன்று சிராம்பும் ஒரு கட்டையும் வைத்துக் கொளுத்தினேன். அழகாகப் பிடித்தது. மனைவி அடுப்புப் பிடியில் தொங்கிய மட்டையைக் கழற்றி ஷோகேஸில் வைத்துவிட்டு, செம்பை மேலே வைத்துப் பால் ஊற்றினாள். கும்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் பாலைப் பார்த்தோம். பால் எங்களைப் பார்த்தது.

கொஞ்ச நேரம் போனது. மச்சான் சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கூட்டைப் பார்த்தார். சத்தமாகப் பார்த்தார், அது அவரால் முடியும்.

"ராகுகாலம் வரப்போகுது. ஆடையும் கட்டேல்லை."

"பொறுங்கோ அண்ணை" என்றாள் மனைவி. ஆனால் அவளுடைய கண் சூட்கேஸுக்குப் போய் வந்தது. சூட்கேஸை அவள் உள்ளே கொண்டுவந்திருக்கவில்லை. அது வெளியே மச்சானின் காரில், பின்சீற்றில் இருந்தது. யன்னலால் தெரிந்தது.

மச்சான் என் காதுக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "நல்லா யோசியும். அவள் அங்கயே இருந்தால் உமக்கும் கரைச்சல் இல்லை. நீர் தனிய இருந்து ஷோகேஸைப் பாக்கலாம்."

நான் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு கட்டை போட்டேன். இன்னொன்று போட்டேன். பிறகு உள்ளே கை போகிற அளவுக்கு இடம் இருக்கும்வரை போட்டேன். காற்று விடுகிற பிடியை முழுதாக இழுத்தேன். அடுப்புக்குள் நெருப்பு இரைந்து எழும்பியது. இவ்வளவு கோபத்தோடு நான் ஒரு வேலையும் செய்ததில்லை, சம்பளத்துக்குக்கூட.

முதலில் ஒரு மணம் வந்தது. புதுக் கார் ரயரை எரித்தால் வருகிற மணம். பிறகு அடுப்பின் தோளில் இருந்து நீலப் புகை எழும்பியது. மச்சான் இருமினார். "என்ன ஐசே இது, அடுப்பே எரியுது" என்றார். கூரையில் புகை அலாரம் கத்தத் துவங்கியது. அதைக் கேட்டுப் படியடியில் இருந்த அலாரமும் கத்தியது. நான் யன்னல்களை எல்லாம் திறந்தேன், கதவைத் திறந்தேன், கதிரையில் ஏறித் துவாயால் அலாரத்துக்கு விசிறினேன். கதிரையும் நானும் ஆடினோம். மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு காலுறையோடு வெளியே ஓடிவிட்டார். சண்டைக் காலத்தில் ஊரில் ஷெல் அடித்தபோது நாங்கள் எல்லாரும் ஓடியவர்கள்தான், அதை நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் இவர் ஓடியதைப் பண்ணுவேன்.

மனைவி ஓடவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணி வடிய, செம்புக்கு முன்னால் நின்றாள்.

"வெளியில வாரும்" என்று கதிரையில் நின்று கத்தினேன்.

"பேசாமல் இருங்கோ. ஆடை கட்டுது."

புகைக்குள் நான் பார்த்தது அவளுடைய முதுகை மட்டும்தான். பிறகு ஸ் என்று பெரிய சத்தம் கேட்டது. பால் வழிந்து இரும்பில் விழுந்து எரிந்தது. பெயின்ற் மணத்தோடு எரிந்த பால் மணமும் சேர்ந்து வந்ததும் நானும் கதிரையால் இறங்கி ஓடினேன். அவள் கடைசியாகக் கும்பிட்டுவிட்டு, செம்பை இறக்கிக் கல்லில் வைத்துவிட்டு, நடந்து வந்தாள்.

வாசலில் மூன்று பேரும் நின்றோம். எல்லா யன்னலும் திறந்து கிடந்த வீடு றோட்டைவிடக் குளிராக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினான். மச்சானின் ஒரு காலுறை நனைந்திருந்தது.

"வா, காரில ஏறு" என்றார் தங்கையிடம். "இந்த வீட்டில மனுசர் இருக்கேலாது. நான் அப்பவே சொன்னனான்."

"பால் பொங்கினது அண்ணை."

"எந்தப் பக்கம் பொங்கினது? நான் பாக்கேல்லை. தெற்காலதான் வழிஞ்சிருக்கும், அந்த மணத்துக்கு."

"நீங்கள் எப்பிடிப் பாப்பியள்? நீங்கள்தானே முதல் ஓடினது. கிழக்கால வழிஞ்சது. நான் பாத்தனான்."

"பிள்ளை, சும்மா விசர்க்கதை கதையாதை. திங்கட்கிழமை வேலைக்குச் சொல்லியிருக்கு."

"பால் பொங்கின அண்டைக்கே வீட்டை விட்டு வெளிக்கிடுறதோ? ஆரும் செய்வினமோ? சூட்கேஸை எடுத்துத் தாங்கோ."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நிற்கப் பார்த்தேன். முடியவில்லை, பல் தெரிந்துவிட்டது. அவர் காரைத் திறந்து சூட்கேஸை எடுத்து நடைபாதையில் வைத்தார், என் கையில் தரவில்லை. உள்ளே கிடந்த சப்பாத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதையும் நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் சூட்கேஸைத் தூக்கினேன். "உமக்கு என்னில பாசம் இருக்கு" என்றேன்.

"உங்களுக்காக நிக்கேல்லை. பாலுக்காக நிக்கிறன். முதல் தரம் சின்ன நெருப்புத்தான் எரிக்கோணும் எண்டு அந்தப் போலந்துக்காரன் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அடுப்பில தொங்கின மட்டையில எழுதியிருக்கு. அந்த இங்கிலிஷ் கூட வாசிக்கத் தெரியாதோ?"

இரவுக்குள் புகை போய்விட்டது. யன்னல்களை மூடினாள். அடுப்பில் ஒரேயொரு கட்டை வைத்தாள். அரை மணித்தியாலத்தில் அந்த அறை இளகியது. கடைக்காரன் கணக்கு சரி, நடு அடுப்பு அந்த அறைக்குத் தாராளம். அந்த அறைக்கு மட்டும்தான். மேல் மாடியில் பழைய குளிர் அப்படியே இருந்தது. அவள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாமிகளை இறக்கச் சொன்னாள். அடுப்பில் இருந்து தள்ளி, யன்னல் பக்கத் தட்டில் கிழக்குப் பார்க்க வைத்தாள். பிறகு மெத்தையை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். ஒரு மெத்தைதான் கேட்டாள். என் தலையணையை எடுத்துக்கொண்டு நான் உள்ளே வரப் பார்க்க, கதவு மூடிவிட்டது.

"என்னப்பா" என்று உள்ளே இருந்து கேட்டது. "நாளைக்கு விறகு காணாது. கராஜால எடுத்து வாங்கோ."

எடுத்து வந்தேன். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.

"கதவைத் திறவும்."

"வெளியில வையுங்கோ. திறந்தால் சூடு போயிடும்."